சின்ன லேத்துக்கு பார்ட்டிங் டூல் ஹோல்டர் வாங்குறதுக்கு முன்னாடி

சின்ன லேத் வச்சிருக்குறவங்கள்ல நிறைய பேர் ஃபேஸிங் பண்ணுவேன், டர்னிங் பண்ணுவேன், த்ரெட் கூட ஒரு மாதிரி போட்டுடுவேன், ஆனா பார்ட்டிங்னா (சுத்திட்டிருக்குற ராடை லேத்லயே ஒல்லி பிளேடால வெட்டி துண்டாக்குறது) மட்டும் ராடை கழட்டி ஹாக்ஸால அறுத்துட்டு திருப்பி மாட்டி ஃபேஸ் பண்ணிக்குவேன்னு தான் சொல்லுவாங்க. கேட்டா டூல் சரியில்ல, பிளேடு மட்டம்னு சொல்லுவாங்க, அப்புறம் இன்னொரு பிளேடு வாங்குவாங்க, அதுவும் அதே மாதிரி கடிச்சு நிக்கும். பெரும்பாலும் தப்பு பிளேடுல இல்ல, அதை பிடிச்சிருக்குற ஹோல்டர்லயும் அந்த ஹோல்டர் உக்காந்திருக்குற இடத்துலயும் தான் இருக்கு. அதனால ஹோல்டர் செலக்ட் பண்றப்போ "எந்த பிளேடு நல்லா வெட்டும்"னு ஆரம்பிக்காம "என் லேத்ல எது முதல்ல வளையும்"னு ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

பார்ட்டிங்ல மட்டும் ஏன் இந்த ரகளைனா, சாதாரண டர்னிங்ல டூல் நுனி ஒரு மூலையில தான் வெட்டும், சிப் வெளிய போக இடம் தாராளமா இருக்கும். பார்ட்டிங்ல பிளேடோட முழு அகலமும் ஒரே நேரத்துல வெட்டுது, ரெண்டு பக்கமும் சுவர், சிப் மேல ஏறி தான் வெளிய வரணும். போதாக்குறைக்கு டூல் ஒல்லியா நீளமா நீட்டிட்டு நிக்குது. ஜாப் (வெட்டுற ராடு) முன்பக்கம் மேலேர்ந்து கீழ இறங்குற மாதிரி சுத்துறதால நுனியை கீழ அமுக்கும், அமுக்கினா டூல் போஸ்ட்டும் அதுக்கு அடியில இருக்குற குட்டி ஸ்லைடான காம்பவுண்டும் சேர்ந்து முன்னாடி சாயும். சாயுற மையம் நுனியை விட கீழ இருக்குறதால நுனி கீழ போறதோட நிக்காம ஜாப்புக்குள்ளயும் கொஞ்சம் போகும். உள்ள போனா வெட்டு அதிகம், வெட்டு அதிகமானா இன்னும் சாயும். டமால்னு ஒரு சத்தம், பிளேடு ஒடையும், இல்ல ஜாப் சக்ல இருந்து பிடுங்கிக்கும். பெரிய லேத்ல எடையும் கிப்பும் (ஸ்லைடு ஆடாம இறுக்குற பட்டை) ஸ்பிண்டில் பேரிங்கும் இதை தாங்கிக்கும். சின்ன லேத்ல ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் துளி துளியா இருக்குற லூஸ் எல்லாம் நுனியில வந்து சேரும்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அளக்க வேண்டியதுல முக்கியமானது சென்டர் ஹைட். அதாவது டூல் உக்கார்ற தரையில இருந்து ஸ்பிண்டில் நடு வரைக்கும் எவ்வளவு உயரம்னு. எல்லாரும் லேத்தோட ஸ்விங் சைஸை (அதுல சுத்த முடியுற அதிகபட்ச விட்டம்) பாத்து ஹோல்டர் வாங்குறாங்க, அதை வச்சு ஒண்ணும் தெரியாது, ஒரே ஸ்விங் இருக்குற ரெண்டு லேத்ல காம்பவுண்ட் உயரம் வேற வேற இருக்கலாம். சக்ல ஒரு சின்ன ராடை மாட்டி ஃபேஸ் பண்ணி நடுவுல ஒரு புள்ளி மாதிரி மிச்சம் விடுங்க, அந்த புள்ளி தான் சென்டர். டூல் போஸ்ட்டோட டூல் உக்கார்ற மேடையில இருந்து அந்த புள்ளி வரைக்கும் வெர்னியர்ல அளந்துக்கோங்க. உதாரணத்துக்கு 10 மி.மீ. வந்துச்சுன்னா, 10 மி.மீ. ஷாங்க் (போஸ்ட்ல பிடிக்கிற தண்டு) ஹோல்டர் நேரா உக்காந்துடும் (நுனி ஷாங்கோட மேல் விளிம்பு லெவல்ல இருந்தா). 8 மி.மீ. ஷாங்க்னா அடியில 2 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) போட்டுக்கலாம். 12 மி.மீ. வாங்கிட்டா நுனி 2 மி.மீ. மேல நிக்கும், அதுக்கு அடிப்பக்கத்தை மில்லிங் பண்ணி குறைக்கிறதை தவிர வழியே இல்ல. கம்மியா இருந்தா சரிபண்ணிக்கலாம், அதிகமா இருந்தா முடியாது, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் (ஹோல்டரை சட்டுனு மாத்திக்கிற வகை) இருந்தா உயரம் நட்டுல அட்ஜஸ்ட் ஆகும், ஆனா அதுலயும் ஹோல்டரை கீழ இறக்க ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லையில வச்சு அளந்து பாருங்க.

அடுத்தது, நீங்க உண்மையிலேயே எவ்வளவு தடிமன் ராடு அறுக்கப் போறீங்க? "எதுக்கும் இருக்கட்டும்"னு 60 மி.மீ. வரைக்கும் அறுக்குற ஹோல்டரை வாங்குறது தான் சின்ன லேத்ல நடக்குற பெரிய வீண் செலவு. தினம் பண்ற வேலை 20, 25 மி.மீ. ராடுக்குள்ள தான் இருக்கும். 20 மி.மீ. ராடை அறுக்க நுனி 10 மி.மீ. உள்ள போகணும், அதோட ஒரு 2 மி.மீ. சேத்தா 12 மி.மீ. நீட்டினா போதும். நீட்டல் டபுள் ஆனா வளைவு டபுள் ஆகாது, எட்டு மடங்கு ஆகும். 15 மி.மீ. நீட்டி வச்ச பிளேடை 30 ஆக்கினா அதே வெட்டுக்கு எட்டு மடங்கு கீழ வளையும், இது எந்த கம்பெனி பிளேடா இருந்தாலும் மாறாது. அதே மாதிரி பிளேடோட உயரம் பாதி ஆனாலும் எட்டு மடங்கு வளையும். அதனால பிளேடு உயரமா இருக்கணும், நீட்டல் கம்மியா இருக்கணும், நீட்டலை கூட்டி குறைக்க முடியுற ஹோல்டரா இருக்கணும்.

அகலம் விஷயத்துல தான் ரெண்டு பக்கமும் இழுக்கும். அகலம் குறைஞ்சா வெட்டு விசை அதுக்கேத்த மாதிரி குறையும், சின்ன மோட்டாருக்கு சுலபம். ஆனா ரொம்ப ஒல்லியானா பிளேடு பக்கவாட்டுல வளைஞ்சு போகும், அறுத்து எடுத்த பீஸோட முகம் தட்டு மாதிரி குழிஞ்சோ புடைச்சோ வரும். 2 மி.மீ. தான் சின்ன லேத்துக்கு நடுநிலையான அகலம்னு நான் சொல்லுவேன். பித்தளை, அலுமினியம், 12 மி.மீ.க்குள்ள இருக்குற ராடுன்னா 1.5 கூட நல்லா போகும். 3 மி.மீ. வேணாம், 2 மி.மீ.யை விட ஒன்றரை மடங்கு விசை கேக்கும், மினி லேத் மோட்டார் முனகும், இல்லன்னா பெல்ட் வழுக்கும்.

இப்போ ஹோல்டர் வகைக்கு வருவோம்.

ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு பிடிக்கிற ஹோல்டர் தான் முதல்ல வாங்க வேண்டியதுனு என் அபிப்பிராயம். பிளேடு மலிவு, ஒடைஞ்சா நுனியை கிரைண்டர்ல தீட்டிட்டு திருப்பி ஓட்டலாம், மெதுவான ஆர்பிஎம்லயும் சுத்தமா வெட்டும், நீட்டலை இஷ்டத்துக்கு மாத்தலாம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. பிளேடை நுனிப்பக்கமா கண்ணுக்கு நேரா பிடிச்சு பாருங்க. சிலது மேல தலை அகலமா, கீழ உடம்பு ஒல்லியா, ஆங்கில டீ எழுத்து மாதிரி இருக்கும். சிலது மேல அகலமா ஆரம்பிச்சு கீழ போகப் போக ஒடுங்கி ஆப்பு மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு தான், வெட்டுற மேல் விளிம்பை தவிர மிச்ச உடம்பு சுவர்ல உரசக் கூடாது. ஆப்பு வடிவ பிளேடை நேரான சுவர் இருக்குற ஹோல்டர்ல போட்டு இறுக்குனீங்கன்னா பிளேடோட ஒரு பக்கம் முழுசா சுவர்ல ஒட்டிக்கும், பிளேடு சாஞ்சு நிக்கும், ஒரு பக்கம் கிளியரன்ஸ் இல்லாம போயிடும், இன்னொரு பக்கம் டபுள் ஆயிடும். வெட்டு அஞ்சு மி.மீ. ஆழம் போற வரைக்கும் எல்லாம் நல்லா போற மாதிரி இருக்கும், அப்புறம் கிரீச்னு உரசி சூடேறி சிக்கிக்கும், நீங்க பிளேடு மழுங்கிடுச்சுன்னு தீட்டிட்டே இருப்பீங்க. ஆப்பு பிளேடுக்கு அதே சரிவு உள்ள பள்ளம் இருக்குற ஹோல்டர் தான் வேணும். சரியா நிக்குதான்னு தெரிஞ்சுக்க, ஹோல்டரை தட்டையான மேடையில வச்சு நுனிப்பக்கம் ஒரு சின்ன மூலைமட்டத்தை நிறுத்தி ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல பாருங்க, இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மேலேர்ந்து கீழ விரிஞ்சா ஓகே.

இதே ஹோல்டர்ல இன்னொரு வித்தியாசம், பிளேடை மட்டமா பிடிக்கிறதா, நுனி மேல தூக்கின மாதிரி சாய்ச்சு பிடிக்கிறதா. சாய்ச்சு பிடிக்கிறதுல டாப் ரேக் (நுனியோட மேல்முகம் பின்னாடி இறங்குற சரிவு) தானா கிடைச்சிடும், முன்முகத்தை மட்டும் தீட்டினா போதும், ஸ்டீலும் அலுமினியமும் நல்லா சுருண்டு வரும். ஆனா பிளேடை வெளிய இழுக்க இழுக்க நுனி மேல ஏறும், நீட்டல் மாத்தும்போதெல்லாம் உயரமும் மாறிடும். க்விக் சேஞ்ச் போஸ்ட்ல அது பிரச்சனையே இல்ல, நட்டை திருப்பிக்கலாம். நாலு பக்க டூல் போஸ்ட்ல ஷிம் கட்டை கழட்டி எண்ணிட்டு உக்காரணும், கடுப்பாயிடும். அதனால நாலு பக்க போஸ்ட்னா மட்டமா பிடிக்கிற ஹோல்டரே எடுங்க, ரேக் வேணும்னா நுனியில லேசா தீட்டிக்கோங்க. பித்தளைக்கு ரேக் வேணவே வேணாம், தட்டையா இருந்தா தான் நல்லது, ரேக் இருந்தா இழுத்து கடிக்கும்.

இன்சர்ட் (மாத்திப் போடுற குட்டி கார்பைடு நுனி) ஹோல்டர் பக்கம் வந்தா, சின்ன லேத்துக்கு அதிகம் பாக்குறது எம்ஜிஎம்என் இன்சர்ட் போடுற வகை, மேல ஒரு ஆலன் ஸ்க்ரூ இருக்கும், அதை இறுக்கினா இன்சர்ட்டை கவ்விக்கும். இன்சர்ட் பேர்ல 200னு இருந்தா 2 மி.மீ., 300னா 3 மி.மீ., 150னா 1.5. ஹோல்டரும் அதே அகலத்துக்கு உள்ளதா இருக்கணும், 3 மி.மீ. ஹோல்டர்ல 2 மி.மீ. இன்சர்ட் போட முடியாது. ஷாங்க் 10, 12, 16னு சதுரமா வரும், மேல சொன்ன சென்டர் ஹைட் கணக்கை இங்க தான் கறாரா பாக்கணும். இதோட நல்ல விஷயம், தீட்டுற வேலை இல்ல, இன்சர்ட்டை திருப்பிப் போட்டா இன்னொரு முனை புதுசு, குரூவ் போடவும் இதே உதவும். கெட்ட விஷயம், வெட்டு ஆழத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அதுக்கு மேல போனா ஹோல்டரோட உடம்பே ஜாப்ல இடிக்கும். நீட்டலையும் கூட்டி குறைக்க முடியாது, அது வந்தது வந்தது தான். வாங்குறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆழம் போகும்னு படத்துல போட்டிருக்குற அளவை பாத்து, அதை ரெண்டால பெருக்கினா வர்றது தான் நீங்க அறுக்க முடியுற அதிகபட்ச தடிமன். இடது வலது ஹோல்டர் எதுன்னும் பாருங்க, சாதாரண முன்பக்க போஸ்ட்டுக்கு இன்சர்ட் சக்குக்கு பக்கத்துல போற மாதிரி இருக்குறது தான் வேணும், மாத்தி வாங்கினா ஹோல்டர் உடம்பு சக்ல இடிச்சுக்கிட்டு நிக்கும், ஜாப்பை வீணா வெளிய நீட்ட வேண்டி வரும்.

ஸ்க்ரூவே இல்லாம இன்சர்ட்டை தள்ளி சொருகுற பிளேடு இன்னொரு வகை, ஜிடிஎன் மாதிரி இன்சர்ட் போடுறது. வெட்டு விசையே இன்சர்ட்டை உள்ள அமுக்கி பிடிக்கும், கழட்ட ஒரு சாவி குடுப்பாங்க. ஆழமா அறுக்கலாம், நீட்டல் மாத்தலாம், பெரிய லேத்ல அருமை. ஆனா பிளேடு உயரம் 26 மி.மீ., 32 மி.மீ.னு வரும், அதை பிடிக்க ஒரு பிளாக் வேணும், பிளாக்குக்கு அடிப்பாகம் வேற இருக்கும். 26 மி.மீ. பிளேடுல நுனி அடியில இருந்து சுமார் 21 மி.மீ. உயரத்துல இருக்கும், அதோட பிளாக் அடித்தடிமனை கூட்டி பாருங்க, மினி லேத்ல காம்பவுண்டுக்கு மேல அவ்வளவு இடம் இருக்குறது சந்தேகம். இடம் இருந்தா தாராளமா வாங்குங்க, இல்லன்னா ஆசைப்பட வேணாம்.

பழைய லேத்ல கழுத்து வளைஞ்ச ஸ்ப்ரிங் ஹோல்டர் பாத்திருப்பீங்க, லோடு அதிகமானா நுனி ஜாப்பை விட்டு விலகுற மாதிரி வளையும். ஐடியா சரி தான், ஆனா இன்னைக்கு புதுசா தேடி வாங்குற அளவுக்கு ஒண்ணும் இல்ல. சின்ன பித்தளை வேலைக்கு மட்டும்னா ஹோல்டரே வேணாம், ஒரு 8 மி.மீ. ஹெச்எஸ்எஸ் பிட்டோட நுனியை தீட்டி 10 மி.மீ. நீளத்துக்கு ஒல்லி பிளேடா ஆக்கிக்கலாம், ஒரே துண்டா இருக்குறதால ஜாயிண்ட்டே கிடையாது. தீட்ட பொறுமை வேணும், அவ்வளவு தான்.

இத்தனையும் சொன்னாலும், கிராஸ் ஸ்லைடு (டூலை ஜாப்புக்கு உள்ளயும் வெளியயும் நகத்துற ஸ்லைடு) பின்பக்கம் இடம் இருந்தா பின் டூல் போஸ்ட் தான் சின்ன லேத்துக்கு கிடைக்கிற பெரிய வரம். ஜாப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டை மாதிரி போஸ்ட், அதுல பிளேடை தலைகீழா, வெட்டு முனை கீழ பாத்த மாதிரி பிடிக்கணும். ஸ்பிண்டில் வழக்கமான திசையிலயே சுத்தும், பின்பக்கம் ஜாப் கீழேர்ந்து மேல போறதால விசை டூலை மேல தூக்கும், வளைஞ்சாலும் ஜாப்பை விட்டு விலகுமே தவிர உள்ள கடிக்காது. அதோட ஸ்பிண்டில் மேல தூக்கப்படாம கீழ் பேரிங்ல அமுங்கி நிக்கும், சிப்பும் தானா கீழ கொட்டிடும். எல்லாத்துக்கும் மேல காம்பவுண்டுங்கிற ஆட்டம் காட்டுற பாகமே வழியில இல்ல, போஸ்ட் நேரா கிராஸ் ஸ்லைடுல உக்காருது. கிராஸ் ஸ்லைடுல டீ ஸ்லாட் இருந்தா சுலபம், இல்லன்னா ரெண்டு மூணு துளை போட்டு டேப் பண்ணணும். ஹேண்டிலை வழக்கமா டூலை வெளிய எடுக்குற பக்கம் திருப்பினா தான் இது உள்ள போகும், பழகற வரைக்கும் கை குழம்பும்.

சிலர் முன்பக்க போஸ்ட்லயே பிளேடை தலைகீழா மாட்டி ஸ்பிண்டிலை ரிவர்ஸ்ல ஓட்டுவாங்க. சக் ஃப்ளாஞ்ச்ல போல்ட் போட்டு இருந்தா பண்ணலாம். சக் ஸ்பிண்டில்ல த்ரெட்ல ஏத்தின மாதிரி இருந்தா தயவுசெஞ்சு பண்ணாதீங்க, வெட்டு விசையே சக்கை கழட்டி விடும், சுத்திட்டிருக்குற சக் கழண்டு வந்தா என்ன ஆகும்னு விளக்க வேணாம்னு நினைக்கிறேன்.

முன்பக்கம் தான் வைக்க முடியும்னா, ஹோல்டருக்கு செலவு பண்ற அளவுக்கு அது உக்கார்ற இடத்துக்கும் யோசிங்க. க்விக் சேஞ்ச் போஸ்ட்ல பிஸ்டன் வகையும் இருக்கு, ஆப்பு வகையும் இருக்கு. ஆப்பு வகை டவ்டெயிலை அகலமா இறுக்கும், பார்ட்டிங்குக்கு அது தான் நல்லது, பிஸ்டனும் வேலை செய்யும் ஆனா முடிஞ்சா ஆப்பு. சைஸ்ல ஓஎக்ஸ்ஏ சின்ன லேத்துக்கு, ஏஎக்ஸ்ஏ அடுத்த பெரிசு, பெரிசு தான் ஸ்ட்ராங்னு உயரம் பாக்காம ஏஎக்ஸ்ஏ வாங்கி மினி லேத்ல வைக்க முடியாம நிக்காதீங்க. இந்த போஸ்ட்டுக்கான பார்ட்டிங் பிளேடு ஹோல்டரை 7ஆம் நம்பர் ஹோல்டர்னு விப்பாங்க. காம்பவுண்டையே கழட்டிட்டு அந்த இடத்துல ஒரே இரும்புக் கட்டையா செஞ்சு மேல டூல் போஸ்ட் வைக்கிறவங்களும் உண்டு, கட்டையும் ஹெச்எஸ்எஸ் பிளேடு ஹோல்டரும் சேர்ந்தா விலை ஒசந்த எந்த இன்சர்ட் ஹோல்டரையும் விட நல்லா அறுக்கும். டேப்பர் திருப்ப வேணும்னா மட்டும் காம்பவுண்டை திருப்பி மாட்டிக்கலாம்.

ஹோல்டர் கைக்கு வந்ததும் உடனே வெட்டாதீங்க. பிளேடை போட்டு இறுக்கி நுனியை விரலால பக்கவாட்டுல அசைச்சு பாருங்க, டிக் டிக்னு துளி ஆட்டம் இருந்தாலும் கிளாம்ப் முழு நீளத்துக்கும் கவ்வலைனு அர்த்தம். இன்சர்ட் ஹோல்டர்னா இன்சர்ட் உக்கார்ற பள்ளத்துல பெயிண்ட், பர் (உலோகப் பிசிறு) எதுவும் இருக்கான்னு பாத்து சுத்தம் பண்ணிட்டு போடுங்க. பிளேடு ஸ்பிண்டிலுக்கு செங்குத்தா இருக்கான்னு டயல் இண்டிகேட்டரை சக்லயோ ஹெட்ஸ்டாக்லயோ நிறுத்தி, பிளேடு பக்கவாட்டு மேல முனையை வச்சு கிராஸ் ஸ்லைடை நகத்தி பாக்கணும், முள் அசையாம இருந்தா சரி. டயல் இல்லன்னா பிளேடை சக் முகத்துல மெல்ல ஒட்டி வச்சு இறுக்கிக்கலாம்.

உயரம் செக் பண்ண, லேத் நின்னுட்டிருக்கப்போ ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் நுனிக்கும் நடுவுல மெதுவா அமுக்குங்க. ஸ்கேல் செங்குத்தா நின்னா சென்டர். மேல்முனை உங்க பக்கம் சாஞ்சா நுனி கீழ இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேல இருக்கு. கீழ இருந்தா ஜாப் டூல் மேல ஏறப் பாக்கும், அது தான் மோசம். மேல இருந்தா முன்முகம் உரசும், வெட்டாம அமுக்கும்.

முதல் வெட்டுக்கு ஒரு 20 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடு எடுத்துக்கோங்க, சக்குக்கு எவ்வளவு பக்கமா முடியுமோ அவ்வளவு பக்கத்துல. காரேஜை (டூலோட சேர்ந்து லேத் நீளவாக்குல நகர்ற பாகம்) லாக் பண்ணுங்க, லாக் இல்லாத லேத்னா ஒரு கையால அப்ரன் சக்கரத்தை அசையாம பிடிங்க. காம்பவுண்ட் கிப்பை ஆட்டமே இல்லாத அளவுக்கு இறுக்கிடுங்க. ஹெச்எஸ்எஸ்னா நிமிஷத்துக்கு 15 மீட்டர் வேகம்னு வச்சா 240 ஆர்பிஎம் கிட்ட வரும், 10 மி.மீ. ராடுன்னா 480. கார்பைடு இன்னும் வேகமா போகும், ஆனா புது ஹோல்டரை சோதிக்கிறப்போ அவசரம் வேணாம். எண்ணெயை பிரஷ்ல விட்டுட்டே இருங்க. ஃபீட் ஒரே சீரா குடுங்க, பயந்து நிறுத்தினா டூல் வெட்டாம உரசும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா அந்த இடம் கெட்டியாகி அடுத்த வெட்டு இன்னும் கஷ்டமாகும். சேட்டர் (டூல் அதிர்ந்து கத்துறது) வந்தா எல்லாரும் ஃபீடை குறைப்பாங்க, பல நேரம் ஆர்பிஎம்மை குறைச்சு ஃபீடை துளி கூட்டினா தான் அடங்கும். ஆழம் போகப் போக சிப் மாட்டுச்சுன்னா டூலை வெளிய எடுத்து, காரேஜ் லாக்கை தளர்த்தி பக்கவாட்டுல அரை மி.மீ. நகத்தி, திருப்பி லாக் பண்ணி, வெட்டை கொஞ்சம் அகலமாக்கிட்டு திருப்பி உள்ள போங்க. டெயில்ஸ்டாக் சென்டர் குடுத்து பிடிச்சுட்டு முழுசா அறுக்காதீங்க, கடைசியில பீஸ் பிளேடுக்கும் சென்டருக்கும் நடுவுல மாட்டி பிளேடை நெரிக்கும், 3 மி.மீ. மிச்சம் இருக்கப்போ நிறுத்தி ஹாக்ஸால முடிச்சுடுங்க. கார்பைடு இன்சர்ட்டுன்னா சென்டர் பக்கத்துல நுனி வேகமே இல்லாம நசுங்கும், கடைசி 2 மி.மீ.ல ஃபீடை பாதியா குறைச்சுக்கோங்க. விழுற பீஸை கையால பிடிக்காம கீழ ஒரு டப்பாவோ துணி விரிச்ச தட்டோ வச்சிடுங்க.

இந்த 20 மி.மீ. வெட்டு சத்தம் இல்லாம போச்சுன்னா ஹோல்டர் உங்க லேத்துக்கு செட் ஆயிடுச்சு. போகலைன்னா ஹோல்டரை திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு டயலோட முனை டூல் போஸ்ட் மேல தொடுற மாதிரி நிறுத்தி, நுனிக்கு மேல கட்டை விரலால அமுக்கி பாருங்க. அப்புறம் அதே டயலை காம்பவுண்ட் மேல, கிராஸ் ஸ்லைடு மேலன்னு ஒவ்வொண்ணா இறக்கிட்டே வாங்க, எந்த ஜாயிண்ட்ல முள் திடீர்னு நகர்றது நிக்குதோ அதுக்கு மேல இருக்குற பாகத்தோட கிப்பையும் போல்ட்டையும் முதல்ல கவனிங்க.